ஏழாம் வகுப்புப் பையன் கடகடவென்று வாசிக்கிறான், ஆனால் படித்தது புரியவில்லை. என்ன செய்யலாம்?

தேனிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஏழாம் வகுப்பு, ஆங்கில வழி, சமச்சீர் பாடத்திட்டம். தமிழோ இங்கிலீஷோ பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று வாசித்துவிடுவான். முடித்தபிறகு "என்னப்பா படிச்சே, சொல்லு" என்றால் முழிக்கிறான். புத்தகத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்வி பதில் என்றால் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்குகிறான், புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்டால்தான் மொத்தமும் போகிறது.

போன வாரம் வகுப்புத் தேர்வில் வந்ததைச் சொல்கிறேன். பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: "ஏரியின் கரை உடையாமல் இருப்பதற்காகக் கலிங்கு கட்டினார்கள். ஏரி நிரம்பியபின் வரும் நீர் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்." கேள்வி: "மழை குறைந்து மேல் ஏரி நிரம்பாவிட்டால் கீழ் ஏரிக்கு என்ன ஆகும்?" அவன் எழுதிய பதில்: "ஏரி நிரம்பியபின் வரும் நீர் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்." கேள்வியில் இருக்கும் ஏதாவது ஒரு சொல்லைப் பத்தியில் தேடுகிறான், அது இருக்கும் வரியை அப்படியே இறக்கிவிட்டு வந்துவிடுகிறான். கணக்கிலும் இதே கதைதான். எண்ணைக் கொடுத்தால் போடுவான், வாக்கியமாகக் கொடுத்தால் கூட்டுவதா கழிப்பதா என்று என் முகத்தைப் பார்க்கிறான்.

டியூஷனில் "தினமும் ஒரு பத்தி, அஞ்சு கேள்வி கொடுங்க, பழகிடும்" என்றார்கள். செய்துகொண்டுதான் இருக்கிறோம், ஒரு மாற்றமும் இல்லை. அவங்க அப்பா மொபைல்தான் காரணம் என்கிறார். எனக்கு எதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

அம்மா, நான் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு என்று எந்த வகுப்புக்குப் போனாலும் உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் முதலில் பதறாதீர்கள்.

"புரியவில்லை" என்பதை அப்படியே ஒரே நோயாக வைத்துக்கொண்டு மருந்து தேட முடியாது. எங்கே தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பாடப்புத்தகம் வேண்டாம், அது வகுப்பில் பலமுறை காதில் விழுந்தது, பாதி மனப்பாடமாகவே இருக்கும். அவன் பார்க்காத ஒரு பக்கம் வேண்டும், சிறுவர் இதழிலிருந்து ஏதாவது கட்டுரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டுத் தாளை மூடி, என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நீங்களே அவனுக்கு வாசித்துக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள்.

நீங்கள் வாசித்தால் புரிகிறது, அவன் வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. எழுத்தைக் கூட்டுவதிலேயே முழுக் கவனமும் செலவாகிறது, பொருளைப் பிடிக்க மனதில் இடமில்லை. நீங்கள் வாசித்தும் புரியவில்லை என்றால் அந்த மொழியோ, அதில் பேசும் விஷயமோ அவனுக்குப் பழக்கமில்லை. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-லேயே இதைத்தான் சொன்னார்கள்: எழுத்தைப் படிக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். அதனால் எது குறைவு என்று தெரியாமல் தினம் ஒரு பத்தி கொடுத்துக்கொண்டே இருப்பதில் பலன் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் ஆசிரியர் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். கேள்வி கேட்பது சோதிப்பது, அது கற்றுக்கொடுப்பது ஆகாது. அமெரிக்காவில் டோலோரஸ் டர்கின் என்பவர் 1970-களின் இறுதியில் தொடக்கப்பள்ளி வாசிப்பு வகுப்புகளில் உட்கார்ந்து நிமிடக் கணக்கு எடுத்தார். எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக்கொடுக்கச் செலவான நேரம் ஒரு சதவீதம் கூட இல்லை, மற்றபடி கேள்வியும் பயிற்சித்தாளும்தான். நம் வகுப்பிலும் பத்தியைப் படி, விடையளி, அடுத்த பத்தி என்றுதான் போகிறோம்.

அந்த ஏரிப் பத்தியை நான் பிள்ளைகள் முன் வாசித்தால் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வேன். "கலிங்கா, அப்படின்னா என்ன? சரி, தண்ணி வழியுற இடம் போல. 'நிரம்பியபின் வரும் நீர்'னு போட்டிருக்கே, அப்போ நிரம்புற வரைக்கும் தண்ணி வெளியே போகாதா? போகாது. அப்படின்னா நிரம்பலைன்னா கீழ் ஏரிக்கு மேலேயிருந்து தண்ணியே வராது." புரிந்து படிப்பவர்கள் இதையெல்லாம் மனதுக்குள் நொடியில் செய்துவிடுகிறோம், பிள்ளைக்கு அது நடப்பதே தெரிவதில்லை. அதனால்தான் அவன் சொல்லைத் தேடி வரியை எடுக்கிறான், வாசிப்பது என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நீங்களும் இப்படி வாய்விட்டு யோசித்துக் காட்டுங்கள், சோதனை முடிவையும் இங்கே எழுதுங்கள்.

---

பழனிமலை எழுதியது:

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? தினமும் காலையில் செய்தித்தாள் வாசிக்க வையுங்கள், தலையங்கம் உட்பட. நாங்கள் எல்லாம் கடலை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படித்து வந்தவர்கள். படிக்கப் படிக்கத் தானே புரியும்.

---

பியூரெட் எழுதியது:

பழனிமலை சார், நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் முழு ஆதரவு. நிறையப் படிக்காமல் யாருக்கும் வாசிப்பு வராது. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தலையங்கத்தைக் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. நிதிப் பற்றாக்குறை என்றால் என்ன, ஆளுநருக்கு என்ன அதிகாரம் என்றெல்லாம் முன்பே தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தலையங்கம் எழுதப்படுகிறது. அது தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தாலும் பத்தி புரியாது. விளையாட்டுப் பக்கத்தைக் கொடுங்கள், கிரிக்கெட் பார்க்கும் பையன் என்றால் வரிவிடாமல் படித்து, "பவர்பிளேவிலேயே மூணு விக்கெட் போயிடுச்சு, அதான் ரன் வரலை" என்று காரணமும் சேர்த்துச் சொல்வான். காரணத்தைச் செய்தியில் எழுதியே இருக்க மாட்டார்கள்.

இதை 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நாம் பேசும் இதே வயதுப் பிள்ளைகளிடம். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேர். நன்றாக வாசிப்பவர்கள், சுமாராக வாசிப்பவர்கள் என்றும், பேஸ்பால் ஆட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்றும் பிரித்தார்கள். ஓர் ஆட்டத்தின் ஒரு பகுதியை எழுத்தில் கொடுத்து வாசிக்கச் செய்து, மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் சுமார் ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும் ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். நான் அறிவியல் எடுப்பவள், இதைப் படித்தபிறகு பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

இப்போது எந்தப் பாடத்தையும் புத்தகத்தைத் திறந்து தொடங்குவதில்லை. வெப்பநிலை பாடம் என்றால் முதலில் கேள்விதான்: பழைய பாதரச மானியில் நர்ஸ் காய்ச்சல் பார்ப்பார், வாயிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படிப்பார், வெளியே குளிர்ச்சியாக இருக்கிறதே, அதற்குள் பாதரசம் ஏன் இறங்கிவிடவில்லை? பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள், பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும், நான் திருத்துவதில்லை. "சரி, புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றதும் அந்தக் குழாயில் ஒரு குறுகலான வளைவு இருக்கிறது என்ற வரியைத் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த வரியை முன்பெல்லாம் மனப்பாடம்தான் செய்வார்கள், எதற்கு அந்த வளைவு என்று கேட்டால் தெரியாது. விடை தேவைப்படும் நிலையில் ஒரு பிள்ளை வாசிப்பதும் வெறுமனே வாசிப்பதும் ஒன்றில்லை.

ஆங்கில வழிப் பிள்ளை என்கிறீர்கள், அதற்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே வரிசை. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அறிவியல், சமூக அறிவியல் பாடத்தை முதலில் தமிழ் வழிப் புத்தகத்தில் வாசிக்கச் செய்யுங்கள், அது பற்றித் தமிழில் பேசுங்கள், பிறகு ஆங்கிலப் பக்கத்துக்குப் போங்கள். "தமிழில் படித்தால் இங்கிலீஷ் வராது" என்று சில பள்ளிகளில் பயமுறுத்துவார்கள். விஷயம் ஒரு மொழியில் புரிந்துவிட்டால் இன்னொரு மொழியில் சொற்களை மட்டும் பிடித்தால் போதும், இரண்டையும் சேர்த்துத் தலையில் ஏற்றுவதுதான் கொடுமை.

---

தேனிக்காரி எழுதியது:

கரும்பலகை சார், சோதனை செய்து பார்த்தேன். எனக்கே ஆச்சரியம். நூலகத்திலிருந்து பழைய துளிர் இதழ் எடுத்து வந்து, பார்க்காத கட்டுரை ஒன்றை வாசிக்கச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இருந்த வேகமே இல்லை. நீளமான சொல் வந்தால் முதல் பாதியை வாசித்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான், "கட்டப்பட்டிருந்தபோதிலும்" என்பதைக் "கட்டப்பட்டிருந்தது" என்று முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். கேட்டால் ஒன்றிரண்டுதான் சொன்னான். அடுத்த பத்தியை நான் வாசித்தேன், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், நான் கேட்காததையும் சேர்த்து. ஆங்கிலத்தில் நான் வாசித்தும் பிடிபடவில்லை, நான் தமிழில் சொன்னதும்தான் "ஓ, இதுவா" என்கிறான்.

இவ்வளவு நாளும் அவன் நன்றாக வாசிக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தது அந்தப் பாடப்புத்தகத்தால்தான் போல. இனி என்ன செய்ய?

---

கரும்பலகை எழுதியது:

நல்ல செய்திதான் அம்மா, அவனுக்குத் தமிழ் கேட்டுப் புரிகிறது, யோசிக்கவும் தெரிகிறது. தமிழில் வேலை வாசிப்பு ஓட்டத்தில்.

தமிழில் வினை கடைசியில்தான் வரும். யார், எங்கே, எதற்காக, எந்த நிலையில் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் கையில் பிடித்துக்கொண்டே போய் முற்றுப்புள்ளிக்கு முன்னால்தான் என்ன நடந்தது என்று தெரியும். மெதுவாகத் தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு வினை வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. நடுநிலை வகுப்புக்கு வந்ததும் பாடங்களில் வாக்கியமும் நீள்கிறது, ஐந்தாம் வகுப்பு வரை சமாளித்த பிள்ளை ஆறில் விழுவது இதனாலும்தான்.

தினமும் ஒரு சின்னப் பத்தி போதும், பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள், அவன் விரல் வைத்துத் தொடரட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து. அப்புறம் அவன் தனியாக, அதே பத்தியை, தடுமாற்றம் போகும் வரை. புதுப்புதுப் பத்தியாக ஓடுவதைவிட ஒன்றையே திரும்ப வாசிப்பதில்தான் ஓட்டம் வருகிறது. நீளமான வாக்கியத்தில் எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், கோட்டைத் தப்பான இடத்தில் போட்டால் அந்த வாக்கியம் அவனுக்குப் புரியவில்லை என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். நீளச் சொற்களை வாசிக்கும் முன்பே நோட்டில் உடைத்து எழுதிப் பழக்குங்கள்: கட்டப்பட்டு, இருந்த, போதிலும்.

அவன் விழுங்கிய அந்தப் "போதிலும்" சாதாரண ஆளில்லை. என் வகுப்பில் ஒரு வாக்கியம் எழுதிப் போடுவேன்: "கரை பலவீனமாக இருந்தபோதிலும் மழை குறைவாகப் பெய்ததால் ஏரி உடையவில்லை." ஏரி ஏன் உடையவில்லை என்று கேட்டால், "கரை பலவீனமாக இருந்ததால்" என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வீட்டில் யாரும் "இருந்தபோதிலும்" என்று பேசுவதில்லை, "கரை வீக்கா இருந்தும் மழை கம்மிங்கறதால ஒடையல" என்போம். அதே வாக்கியத்தை இப்படிப் பேச்சில் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ஆயினும், எனவே, ஒழிய, தவிர, அதேவேளை, இவ்விரண்டும் என்று வரும் இடங்களில் நிறுத்தி, இது எதைச் சொல்கிறது, முன்னால் சொன்னதற்கு ஒத்துப் போகிறதா எதிர்க்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கணக்கு வாக்கியத்திலும் அவன் தவறுவது இந்த மாதிரிச் சொற்களில்தான் இருக்கும், "விடக் குறைவு", "மீதமுள்ள" போன்றவற்றில். எண்களைக் கையால் மறைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று கதையாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்கு பியூரெட் டீச்சர் சொன்னதைச் செய்யுங்கள். கேட்டே புரியாத மொழியில் பத்திப் பயிற்சி கொடுத்துப் பிள்ளையை வாட்ட வேண்டாம்.

---

மாலைநேரப்பள்ளி எழுதியது:

நான் ஆசிரியை இல்லை, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன், அதன் பிறகும் எங்கள் தெருப் பிள்ளைகள் மாலையில் வந்துகொண்டிருக்கிறார்கள். ஓட்டமாக வாசிக்க வந்தபிறகும் புரியாத பிள்ளைகளுக்கு ஒரு வழி எங்களுக்குக் கைகொடுத்தது, பாலிங்சர், பிரவுன் என்ற இரண்டு பேர் 1984-ல் எழுதியது, அதுவும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்ததுதான்.

நாலு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு பத்தியை வாசிப்பார்கள். ஒருவர் சுருக்கிச் சொல்ல வேண்டும், ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், ஒருவர் புரியாத இடத்தைக் காட்ட வேண்டும், ஒருவர் அடுத்த பத்தியில் என்ன வரும் என்று சொல்ல வேண்டும். அடுத்த பத்திக்கு வேலை மாறும். தொடக்கத்தில் நான்தான் நாலையும் செய்து காட்டினேன், மெல்ல மெல்ல அவர்களிடம் விட்டேன்.

சொல்ல எளிது, நடைமுறையில் இடிக்கும் இடங்கள் உண்டு. கேள்வி கேட்பவர் "ஏரியில் என்ன கட்டினார்கள்?" என்றே கேட்பார், ஒரே வரியில் விடை இருக்கும். அதனால் எந்த ஒரு வரியிலும் நேரடியாக விடை இருக்கக் கூடாது என்று விதி போட்டோம். முதலில் திணறினார்கள், பிறகு "ஏன் கரையை இன்னும் உயரமா கட்டாம கலிங்கு வெச்சாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள், அன்றைக்கு முழுக்க அதைத்தான் பேசினோம். சுருக்கிச் சொல்பவர் பத்தியைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், பார்த்தால் முதல் வரியை வாசித்துவிடுவார். புரியாத இடத்தைக் காட்டுவதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டம், வெட்கப்படுவார்கள். எங்கள் வட்டத்தில் "எனக்கு இந்த வரி புரியலை" என்று சொல்லும் பிள்ளைக்குத்தான் முதல் பாராட்டு.

உடனே மாற்றம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது.

---

நெல்லைச்சாரல் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகள் ஆறாவது. அவளுக்கு ஓட்டமே இல்லை, ண, ன, ர, ற என்று மட்டுமில்லை, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு எல்லாம் மாறுகிறது, ஒரு வரியை முடிப்பதற்குள் அழுதுவிடுகிறாள். பேசினால் அவ்வளவு புத்திசாலி. அவளுக்கும் இதேதானா?

---

கரும்பலகை எழுதியது:

சகோதரி, கண் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் முதலில் முடித்துவிடுங்கள். அவை சரியாக இருந்து, பேச்சில் கெட்டியாக இருக்கும் பிள்ளை ஆறாவதிலும் எழுத்துக் கூட்ட இவ்வளவு தவிக்கிறாள் என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பிட வேண்டும். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், பள்ளித் தலைமையாசிரியர் மூலமாகவோ நேரிலோ போய்க் கேளுங்கள். மதிப்பிட்டுச் சான்று வாங்கினால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. சோம்பேறித்தனம், கவனமில்லை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நான் மேலே சொன்ன பயிற்சிகள் அவளுக்குப் பிறகுதான், இப்போது எழுத்தும் ஒலியும் சேர்வதிலிருந்து முறையாகத் தொடங்க வேண்டும்.

---

தேனிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் என் அக்கா மகளும் வருகிறேன் என்றார்கள், சனி ஞாயிறு வட்டமாக உட்காரவைக்கப் போகிறேன். தமிழ் வழி அறிவியல் புத்தகம் இறக்கினேன், முதல் பருவம் மட்டும்தான் கிடைத்தது. மற்ற பருவங்கள் எங்கே? வாசிக்க வேறு என்ன கொடுக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பியூரெட் எழுதியது:

பாடநூல் கழகத் தளத்தில் வகுப்பைத் தேர்ந்தெடுத்ததும் பருவம், வழி என்று தனித்தனியாகக் கேட்கும், அங்கே இரண்டாம் பருவம், தமிழ் வழி என்று மாற்றினால் வந்துவிடும். வாசிக்க: அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தெரிந்தவர்கள் இருந்தால் தேன்சிட்டு இதழைக் கேட்டு வாங்குங்கள், ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புக்கென்றே வருவது. வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களும் அரசுப் பள்ளிகளில் இருக்கும், நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலை. ஏழாம் வகுப்பு என்பதற்காகப் "பற" நிலையை எடுக்காதீர்கள். "நட"வில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வாசித்துத் தன் சொல்லில் கதையைச் சொன்னால் அடுத்த நிலைக்குப் போங்கள்.